வாகனமும் வரையறையும்

இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக வைக்கப்பெற்றது பரிக்கிரக பரிமாணம். இதனைப் பொருள் வரைதல் என்றும் மிகுபொருள் விரும்பாமை என்றும் தமிழில் வழங்குவர். கொல்லாமை யாது, பொய்யாமை யாது என்று கேட்டால் நம் வீட்டுச் சிறுவர்களும் விடை கூறிவிடுவர். பொருளுக்கு எல்லை கட்டுவது எங்ஙனம் என்று கேட்டாலோ பெரியவர்களே சற்றுத் தயங்குவர். ஆதலின் இவ்விதழின் பாடத்தை இவ்விரதத்திற்கு ஒதுக்கியுள்ளோம். திண்டுக்கல்லில் தொழில் நிமித்தம் குடியேறி வாழும் நம்மவர் சிலர் எழுப்பிய வினாவே இதற்குத் தூண்டுகோல். "சிராவகன் ஒருவன் அறுபது லட்ச ரூபாய்க்குக் கார் வாங்கலாமா? சொந்தமாக வாங்காமல் குத்தகைக்கு எடுத்தால் விரதத்திற்குப் பங்கம் இல்லையல்லவா?" என்பது அவ்வினா.

வினா வெறும் கற்பனையில் எழுந்ததன்று. 2025 ஆம் ஆண்டு அக்டோபரில் நாளிதழ்கள் பலவும் ஒரு செய்தியை வெளியிட்டன. ஜிட்டோ என்று சுருக்கமாக வழங்கப்பெறும் ஜைனப் பன்னாட்டு வணிக அமைப்பின் உறுப்பினர்கள் ஒன்றுகூடிப் பேரம் பேசி, அவ்வாண்டில் 186 சொகுசுக் கார்களை வாங்கினர் என்பதே அச்செய்தி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 லட்சம் முதல் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு மேல் வரை விலையுள்ளவை. மொத்த விலை 149 கோடிக்கு மேல். கிடைத்த தள்ளுபடி 21 கோடிக்கு மேல். வாங்கியவர்களுள் பெரும்பாலோர் குஜராத் மாநிலத்தவர், அதிலும் அகமதாபாத் நகரத்தார். வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஒரு காருக்குப் பதினொரு லட்ச ரூபாய்க்கு மேல் விலை குறைந்திருக்கிறது.

இதனைப் படித்த நம் இளைஞர் பலர் பெருமிதம் கொண்டனர். ஒரு சமுதாயம் ஒற்றுமையாக நின்றால் பெரிய நிறுவனங்களும் இறங்கி வரும் என்பதற்கு இது நல்ல சான்றே. கூடிப் பேரம் பேசுவதில் அறத்திற்கு மாறானது ஒன்றும் இல்லை. அச்செயலை நாம் குறை கூற முன்வரவில்லை. ஆயினும் அதே காலத்தில் வந்த மற்றொரு செய்தியையும் உடன்வைத்து நோக்கவேண்டும். குஜராத்தின் பர்வாட் சமுதாய இளைஞர் சங்கத்தார் அதே முறையில் 121 ஜே.சி.பி. மண்வாரி இயந்திரங்களை வாங்கினர். ஏறத்தாழ 4 கோடி ரூபாய் மிச்சமாயிற்று. கால்நடை மேய்ப்பைக் குலத்தொழிலாகக் கொண்ட அச்சமுதாயத்து இளைஞர்கள் அவ்வியந்திரங்களைக் கொண்டு பிழைப்புத் தேடிக்கொண்டனர். முதல் செய்தியில் வாங்கப்பெற்றவை செலவு வைக்கும் பொருள்கள். இரண்டாவதில் வருவாய் தரும் கருவிகள். தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் உழவர், ஆசிரியர், அரசுப் பணியாளர், சிறு வணிகர். நம் சங்கங்கள் ஒன்றுகூடிப் பேரம் பேசும் நாள் வருமாயின் டிராக்டருக்கும், மருத்துவக் காப்பீட்டுக்கும், பிள்ளைகளின் கல்விக் கடனுக்கும் முதலில் பேசட்டும் என்பது நம் கருத்து.

இனி நூல்கள் கூறுவதைக் காண்போம். பரிக்கிரகம் அகம், புறம் என இருவகைத்து. அகப்பரிக்கிரகம் பதினான்கு, பொய்க்காட்சி, வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் முதலியன. புறப்பரிக்கிரகம் பத்து. இப்பத்தை எண்ணும் பட்டியல்கள் நூலுக்கு நூல் சற்றே வேறுபடும். நிலம், மனை, தனம், தானியம் ஆகியவற்றோடு யானம், அதாவது ஊர்தி, தனியே எண்ணப்பெறும் பட்டியலும் உண்டு. உமாஸ்வாமி ஆசாரியரோ தத்துவார்த்த சூத்திரத்தில் இலக்கணம் கூறுமிடத்துப் பொருளைக் கூறாது, பொருளின்மேல் கொள்ளும் மயக்கத்தையே பரிக்கிரகம் எனக் கொள்கிறார். இக்குறிப்பை நினைவில் இருத்துக. குத்தகைக் காரைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன் பொருளைத் தமிழில் தரும் அருங்கலச்செப்பும் நம் இல்லங்களுக்குப் பழகிய நூல்கள். சமந்தபத்திரர் ஒவ்வோர் அணுவிரதத்திற்கும் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். விரதம் முற்றும் முறியாமல் மாசுபடும் நிலையே அதிசாரம். பொருள் வரைதலுக்கு அவர் கூறும் ஐந்தனுள் முதலாவது அதிவாகனம். மிகுசேகரிப்பு, வியப்பு, மிகுலோபம், மிகுபாரம் ஏற்றல் என்பன ஏனைய நான்கு.

அதிவாகனம் என்னும் சொல்லுக்கு இருவகையாகப் பொருள் கொண்டுள்ளனர். பழைய உரைகாரர் பிரபாசந்திரர் வழிநின்று நோக்கினால், ஆதாய ஆசையால் எருது முதலிய விலங்குகளை அவை தாங்கும் தொலைவுக்கு மேல் ஓட்டுவது என்பது பொருள். ஐந்தாவது அதிசாரமாகிய மிகுபாரம் ஏற்றலோடு இது பொருந்தி நிற்கும். வண்டியை வாடகைக்கு ஓட்டும் தொழிலைச் சிராவகர் விலக்கத்தக்கவற்றுள் ஒன்றாகச் சில நூல்கள் வைத்ததற்கும் எருதின் துன்பமே காரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த சம்பத்ராய் ஜெயின், தேவைக்கு மேற்பட்ட வாகனங்களை வைத்திருத்தல் எனப் பொருள் கொண்டார். எருது போய் இயந்திரம் வந்த காலத்திற்கு இப்பொருள் இயல்பாகவே பொருந்துகிறது. இரண்டு பொருளையும் ஏற்பதில் நமக்குத் தடை இல்லை. தேவையை அளப்பதே இரண்டுக்கும் அடிப்படை.

மூன்றாவதாகிய வியப்பைச் சற்று ஊன்றி நோக்கவேண்டும். பிறரது செல்வத்தைக் கண்டு உள்ளம் வியப்புறுவதும் இவ்விரதத்திற்கு மாசு என்று ஆசாரியர் வைத்தார். வாங்குவதற்கு முன்பே, கையில் காசு புழங்குவதற்கு முன்பே, விரதம் மாசுபடத் தொடங்கிவிடுகிறது. 186 கார்களைப் பற்றிய செய்தி நம் வீடுகளில் விளைத்தது பெரும்பாலும் இந்த வியப்புத்தான். மணவீட்டு வாயிலில் வந்து நிற்கும் காரைக் கொண்டு சம்பந்தியின் தகுதியை எடைபோடும் வழக்கம் நம்மிடையேயும் புகுந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவர் அதற்காகக் கடன்படுவதையும் காண்கிறோம்.

திண்டுக்கல்லுக்கு வருவோம். பூட்டுக்கும் தோலுக்கும் புகையிலைக்கும் பெயர்பெற்ற ஊர் இது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை, வேடசந்தூர் நூற்பாலைகள், நிலக்கோட்டைப் பூ வணிகம் ஆகியவற்றால் இச்சமவெளியில் பணப்புழக்கம் மிகுதி. நான்குவழிச் சாலையில் மதுரை ஏறத்தாழ ஒருமணி நேரத் தொலைவு. உயர்விலைக் கார்களைப் பார்வையிட இவ்வூரார் மதுரைக்கோ கோவைக்கோ செல்வதே வழக்கம். அத்தகைய ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கடை நன்றாக நடக்கிறது. பத்து லட்ச ரூபாய்க் கார் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மகன் 60 லட்ச ரூபாய் ஷோரூம் விலையுள்ள ஒரு காரைப் பார்த்து வந்திருக்கிறான்.

கணக்கைத் தாளில் எழுதிப் பார்ப்போம். பெட்ரோல் அல்லது டீசலில் ஓடும் இத்தகைய பெரிய காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். ஆகவே 60 லட்சத்தில் வண்டியின் அடிப்படை விலை ஏறத்தாழ 43 லட்சம்; எஞ்சிய 17 லட்சம் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பெற்ற விகிதப்படி 20 லட்சத்திற்கு மேற்பட்ட காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். அது 12 லட்சம். பத்து லட்சத்திற்கு மேற்பட்ட காருக்கு விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் 1 சதவீதம் 60 ஆயிரம். இதனை மட்டும் பின்னர் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். காப்பீடு தனி. வண்டி சாலைக்கு வரும்போது தொகை 73 லட்சத்தைத் தாண்டிவிடும். இதில் 50 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை 1,03,792 ரூபாய். ஐந்தாண்டில் வட்டி மட்டும் 12 லட்சத்து 27 ஆயிரம். ஐந்தாம் ஆண்டில் காப்பீட்டு நிறுவனங்களின் தேய்மான அட்டவணை அந்த வண்டியின் மதிப்பை ஷோரூம் விலையில் பாதியாகவே கணக்கிடும்.

பத்து லட்சம் தள்ளுபடி கிடைத்தாலும் இக்கணக்கின் உருவம் பெரிதும் மாறாது. மிகுலோபம் என்று ஆசாரியர் கூறியது பிறர் பொருளைக் கவர்தல் மட்டும் அன்று. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகவே வேண்டாததை வாங்கும் மனமும் அதனுள் அடங்கும் என்று நாம் கருதுகிறோம்.

குத்தகை முறை இங்கேதான் உள்ளே நுழைகிறது. முன்பணம் குறைவு, மாத வாடகை மட்டும் போதும், வண்டி நிறுவனத்தின் பெயரில் இருக்கும் என்று விற்பனையாளர் கூறுவார். "நம் பெயரில் இல்லாத பொருள் நமக்குப் பரிக்கிரகம் ஆகுமா?" என்று இளைஞர் கேட்பர். ஆகும் என்பதே விடை. மயக்கமே பரிக்கிரகம் என்ற உமாஸ்வாமியின் இலக்கணத்தைப் பொருத்திப் பார்த்தால், பதிவுச் சான்றில் யார் பெயர் இருப்பினும் மாற்றம் இல்லை. வாடகை வண்டியில் ஒரு கீறல் விழுந்த அன்று வீட்டில் எழும் சினத்தைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும்.

மேலும் குத்தகைப் பொருள் வேறொரு விரதத்திற்குள்ளும் வருகிறது. ஒருமுறை துய்ப்பது போகம், பலமுறை பயன்கொள்வது உபபோகம். இவ்விரண்டிற்கும் எல்லை கட்டுவது போகோபபோக பரிமாணம். இதில் எல்லை கட்டத்தக்கவற்றை எண்ணும் சமந்தபத்திரர் உணவை அடுத்து வாகனத்தை வைத்திருப்பது வியக்கத்தக்கது. இவ்வெல்லை இருவகை. வாழ்நாள் முழுமைக்கும் கொள்வது யமம். ஒருநாள், ஓரிரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள், இருதிங்கள், ஓர் அயனம் எனக் கால அளவோடு கொள்வது நியமம். வீட்டைப் போக்கியத்திற்கு விடுகிறோம், எடுக்கிறோம்; போகம் என்னும் சொல்லின் வழியே வந்ததுதான் அந்தப் போக்கியமும். கால அளவு குறித்த நுகர்ச்சியை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

ஆகவே குத்தகையை அறவே தள்ளவேண்டும் என்று நாம் கூறவில்லை. வீட்டில் முதியவர் நோயுற்றிருக்கும்போதோ, தொழிலுக்காக ஈராண்டு வெளியூர்களில் சுற்றவேண்டியிருக்கும்போதோ காலங்குறித்து ஒரு வண்டியை எடுத்து, தேவை முடிந்ததும் திருப்பித் தருவது சொந்தமாக்கிக்கொள்வதினும் விரதத்திற்கு நெருங்கியது. குத்தகைப் பத்திரத்தை மட்டும் முழுதும் படித்துக் கையெழுத்திடுக. ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வரம்பு அதில் இருக்கும். மிஞ்சினால் கிலோமீட்டர் தோறும் கட்டணம். இயல்பான தேய்மானம் எது, சேதம் எது என்று திருப்பித் தரும் நாளில் மதிப்பிடுவோர் நிறுவனத்தாரே. இடையில் முறித்தால் அபராதம் உண்டு. வாடகையின் மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. மாதத் தவணை மிகக் குறைவு என்று விளம்பரம் செய்யப்பெறும் கடன் திட்டங்கள் சிலவற்றில் இறுதித் தவணையாக ஒரு பெருந்தொகை காத்திருக்கும். அதைக் கட்ட இயலாதவர் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீண்டும் புதிய வண்டிக்கே கையெழுத்திடுகின்றனர். நியமம் என்று தொடங்கியது இவ்வாறு முடிவில்லாததாகிவிடுகிறது.

வாங்குவதென்றே முடிவு செய்தவர்க்கும் கொல்லாமை பற்றிய ஒரு வினா உண்டு. உயர்விலைக் கார்களின் இருக்கைகள், ஸ்டியரிங் உறை, கதவின் உட்புறம், கைதாங்கி, கியர்ப்பிடி ஆகியவற்றில் விலங்கின் தோல் பயன்படுகிறது. ஜினாலயத்திற்குள் தோல் பையையோ இடைவாரையோ கொண்டு செல்லாத நாம், தோலின்மேல் அமர்ந்து ஜினாலயத்திற்குச் செல்வது பொருந்துமா? திண்டுக்கல்லார்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. அங்குத் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. பண்டு ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்டனர். பின்னர்க் குரோமிய உப்புகள் வந்தன. கழிவுநீரால் அச்சுற்றுப்புறக் கிணறுகள் பல பாழ்பட்டதை ஊரார் அறிவர். அத்தொழிலில் உழைக்கும் ஏழை மக்களை இழித்துரைப்பது நம் நோக்கம் அன்று. வாங்குவோர் இருக்கும்வரையே தொழில் நடக்கும் என்பதால் நம் பங்கை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இதற்கு வழி உண்டு. மெர்சிடிஸ் நிறுவனம் ஆர்டிகோ என்றும், பி.எம்.டபிள்யூ. நிறுவனம் சென்சாடெக் என்றும் பெயரிட்டுச் செயற்கைத் தோல் இருக்கைகளைத் தருகின்றன. இருக்கை செயற்கையாக இருந்தும் ஸ்டியரிங் உறை மட்டும் உண்மைத் தோலாக இருத்தல் கூடும். ஆதலின் "லெதர் இல்லை" என்ற வாய்மொழியோடு நின்றுவிடாது, உறுப்பு உறுப்பாகக் கேட்டு எழுத்தில் பெறுக. முன்பணம் கட்டிய பின் கேட்பதில் பயன் குறைவு.

கள்ளாமை விரதத்தையும் இவ்வாணிகம் தொடுகிறது. அரசின் சட்டத்தை மீறி ஆதாயம் தேடுவதை அவ்விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக உமாஸ்வாமி வைத்துள்ளார். புதுச்சேரியில் வாகன வரி குறைவு. அங்கு வாழாதவர் பொய் முகவரி காட்டிச் சொகுசுக் கார்களைப் பதிவு செய்ததைப் பற்றி 2017 இல் கேரளத்தில் பெரும் வழக்குகள் எழுந்தன. புகழ்பெற்றோர் பலர் விசாரணைக்கு உள்ளாயினர். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் புதுச்சேரியில் உறவினர் உண்டு. "மாமா வீட்டு முகவரி இருக்கிறதே, சில லட்சம் மிச்சமாகுமே" என்ற பேச்சு எழுவது எளிது. மோட்டார் வாகனச் சட்டம் 1988 இன்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாகவேண்டும். சட்டத்திற்கு அஞ்சாதவரும் விரதத்திற்கு அஞ்சவேண்டும். குடும்பத்தார் ஊர்சுற்றும் காரைக் கடையின் பெயரில் வாங்கி முழுச் செலவையும் தொழிற்கணக்கில் எழுதுவதும் இதே வகை. சொந்த உபயோகப் பகுதி தொழிற்செலவு ஆகாது; ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரிச்சலுகையும் சாதாரண வணிகருக்கு இத்தகைய காருக்குக் கிடையாது.

எல்லையை எப்போது கட்டுவது? ஷோரூமுக்குச் செல்வதற்கு முன்பே. அங்குள்ள விளக்கொளியும், குளிரூட்டிய அறையும், ஓட்டிப் பார்க்கத் தரும் வண்டியும் நம் அளவைத் தளர்த்துவதற்கென்றே அமைந்தவை. பத்து என்று புறப்பட்டவரைப் பதினைந்துக்கும், அறுபது என்றவரை எழுபதுக்கும் கொண்டுசெல்வது விற்பனையாளரின் தொழில். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் அனைவரும் கூடி, எத்தனை வாகனம், எத்தகைய தேவைக்கு, எவ்வளவு தொகைக்குள், கடன் எவ்வளவு என்று எண்ணால் எழுதுக. "அளவாக வைத்துக்கொள்வோம்" என்று பொதுவாகக் கூறுவது விரதம் ஆகாது.

எண் குறிப்பதில் நம் முன்னோர் காட்டிய தெளிவைக் காணத் திண்டுக்கல் மாவட்டத்தார் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. பழனியை அடுத்த ஐவர்மலையில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர், பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுக்கினார் என்றும், வழிபாட்டுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்தார் என்றும் அது கூறுகிறது. பாண்டியரின் காலவரிசையைக் கணிக்க வரலாற்றாசிரியர்க்கு உதவிய கல்வெட்டு இது. ஆண்டும் அளவும் ஐயத்திற்கு இடமின்றி வெட்டப்பெற்றிருப்பதே அதற்குக் காரணம். ஐவர்மலையின் அடிவாரம் வரையே எந்தக் காரும் செல்லும். மேலே நடந்தே ஏறவேண்டும்.

ஒரு வாசகர் வேறொன்றும் கேட்டுள்ளார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் "மொத்த உடைமை இரண்டு லட்சம்" என்று தந்தையார் விரதம் கொண்டார். அன்றைய வீட்டின் மதிப்பே இன்று அதனைப் பன்மடங்கு கடந்துவிட்டது. என் செய்வது என்கிறார். விலை தானே உயர்ந்ததற்கு விரதம் கொண்டவர் பொறுப்பாளர் அல்லர் என்றும், அவ்வுயர்வைக் காட்டிப் புதிய பொருளை வாங்குவதே பங்கம் என்றும் நாம் கருதுகிறோம். இத்தகைய இடர்ப்பாட்டைத் தவிர்க்கவே வீடு இத்தனை, நிலம் இத்தனை ஏக்கர், வாகனம் இத்தனை என்று எண்ணிக்கையால் வரைவது நலம். முடிவாகத் தெளிய விரும்புவோர் முனிவரிடமோ, மேல்சித்தாமூர் மடத்துப் பட்டாரக சுவாமிகளிடமோ கேட்டுக்கொள்க.

பாடசாலை மாணவர்கள் அடுத்த இதழுக்குள் தம் வீட்டிலுள்ள வாகனங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் ஒரு திங்களில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எதற்காக ஓடுகிறது என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கவும். அடுத்து வரும் திக்விரதப் பாடத்திற்கு அக்குறிப்பு வேண்டியிருக்கும்.